தடக் கணக்கில் விழாத கிணறு

ஒருவர் ஓராண்டில் நுகர்வதை விளைவிக்கவும் அவர் வெளியிடும் புகையை உறிஞ்சவும் எவ்வளவு நிலமும் கடலும் வேண்டும் என்று சொல்லும் அளவு சூழலியல் காலடித்தடம். இந்தியர் ஒருவருக்கு அது சுமார் 1.2 உலக ஹெக்டேர் (இந்த அலகைக் கீழே விளக்குகிறேன்). அமெரிக்கர் ஒருவருக்கு அது ஏழரை, எட்டு என்று நிற்கிறது. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்து, நம்முடையது சிக்கனமான வாழ்க்கை என்று முடிக்கும் கட்டுரைகள் ஆண்டுதோறும் ஜூலை, ஆகஸ்டில் வருகின்றன. அதே பதிவேட்டில் பக்கத்துக் கட்டத்தில் இன்னோர் எண் இருக்கிறது. இந்திய மண்ணும் காடும் கடலும் சேர்ந்து ஓராண்டில் ஒருவருக்குத் தரக்கூடியது சுமார் 0.4 உலக ஹெக்டேர்தான். உலகம் முழுவதையும் எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டால் தலைக்கு 1.5 வரும். அந்தப் பங்குக்குள் நாம் இருக்கிறோம். நம் நாட்டு எல்லைக்குள் விளைவதை மட்டும் வைத்துப் பார்த்தால் மூன்று இந்தியாவின் வளத்தைச் செலவழிக்கிறோம். இரண்டும் உண்மை.

எனக்குக் கவலை தருவது அந்த 0.4. அதில் பெரும் பகுதி பயிர் நிலத்தின் விளைச்சல். அந்த விளைச்சலில் பெரும் பகுதி கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பியது. நாட்டின் பாசனத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிலத்தடி நீர். அந்த நீரில் எவ்வளவு மழை திருப்பித் தந்தது, எவ்வளவு கடனாக எடுத்தது என்று சொல்லும் வரி தடக் கணக்கில் எங்கும் கிடையாது. ஏன் இல்லை என்று புரிய, கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பதே நல்லது.

ஒரு வருடச் சோறு, ஒரு வருடக் கரண்ட்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரீஸும் அவருடைய மாணவர் மத்தீஸ் வாக்கர்நாகலும் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை இது. 2003 முதல் குளோபல் ஃபுட்பிரிண்ட் நெட்வொர்க் இதை நாடுவாரியாக வளர்த்தது. கணக்கு 1961 வரை பின்னோக்கிப் போகிறது. பயிர் நிலம், மேய்ச்சல் நிலம், மரம் தரும் காடு, மீன்பிடிப் பரப்பு, கட்டடமும் சாலையும் மூடிய நிலம், புகையை உறிஞ்சத் தேவையான காடு என்று ஆறு கணக்குகள். உலகச் சராசரி விளைதிறன் கொண்ட ஒரு ஹெக்டேர்தான் ஓர் உலக ஹெக்டேர். பயிர் நிலம் சராசரியைவிட வளமானது என்பதால் ஒரு ஹெக்டேர் பயிர் நிலத்துக்குச் சுமார் 2.5 உலக ஹெக்டேர் மதிப்பு. காட்டுக்கு 1.3 அளவில். மேய்ச்சல் நிலத்துக்கு அரைக்கும் கீழே.

ஒருவர் ஆண்டுக்கு 100 கிலோ புழுங்கலரிசி சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அரவையில் 68 சதவீதம் அரிசி கிடைக்கும். அப்படியானால் 147 கிலோ நெல் வேண்டும். உலகச் சராசரி நெல் விளைச்சல் ஹெக்டேருக்குச் சுமார் 4.7 டன். 0.147-ஐ 4.7-ஆல் வகுத்தால் 0.031 ஹெக்டேர். அதை 2.5-ஆல் பெருக்கினால் 0.08 உலக ஹெக்டேர். வருடச் சோறு அவ்வளவுதான்.

மின்சாரத்தைப் பார்ப்போம். நால்வர் உள்ள வீட்டில் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடுகிறது. வருடத்துக்கு 2,400 யூனிட். நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது, மொத்தம் 1.68 டன். இனி அதை நிலமாக்க வேண்டும். ஒரு டன் கார்பன் டை ஆக்சைடில் கார்பன் 0.27 டன். அதில் ஏறக்குறைய 30 சதவீதத்தைக் கடல் உறிஞ்சுவதாகக் கழிக்கிறார்கள். மிஞ்சும் 0.19 டன்னை உறிஞ்சக் காடு வேண்டும். ஒரு ஹெக்டேர் காடு ஆண்டுக்கு 0.73 டன் கார்பனைப் பிடித்து வைக்கும் என்பது இப்போதைய எண். வகுத்து, 1.3-ஆல் பெருக்கினால் ஒரு டன்னுக்குச் சுமார் 0.33 வருகிறது. மூன்று டன் புகைக்கு ஓர் உலக ஹெக்டேர் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். அந்த வீட்டு மின்சாரம் 0.56, தலைக்கு 0.14. வருடச் சோற்றைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்தால் 42 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும், பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ. மீதியை நீங்களே போட்டுவிடலாம்.

மீன் கணக்கு இதைவிட நுட்பமானது. கடலில் உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படிக்கும் பத்தில் ஒரு பங்குதான் மேலே போகும் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். மிதவை உயிரிகளைத் தின்னும் மத்தி (குமரிப் பக்கம் சாளை) கீழ்ப் படிகளில் இருக்கிறது. மீனைத் தின்னும் வஞ்சிரம் நான்காம் படிக்கு மேலே. இடையில் ஒரு படிக்கு மேல் இருப்பதால், கிலோவுக்குக் கிலோ வஞ்சிரத்தின் தடம் மத்தியின் தடத்தைப் போல் பத்து மடங்குக்கும் அதிகம். மாட்டுக்கு, தேவையான தீவனத்தில் இருந்து வைக்கோல், பயிர்க் கழிவு, வாங்கிய தீவனம் எல்லாவற்றையும் கழித்த பிறகே மேய்ச்சல் நிலம் கணக்கில் ஏறும். வைக்கோல் தின்றே வளரும் நம் மாடுகளால் மேய்ச்சல் தடம் மிகவும் சிறியதாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். நெல் வயலில் இருந்து வரும் மீத்தேன் இந்தக் கணக்கில் வராது. கார்பன் டை ஆக்சைடு மட்டும்தான் ஏறும்.

நாட்டுக்கு என்று வரும்போது உள்நாட்டு உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி ஏற்றுமதியைக் கழிப்பார்கள். நாம் பயன்படுத்தும் சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் வெளியில் இருந்து வருகிறது. பாமாயில் என்றால் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் உள்ள தோட்டத்தின் பரப்பு நம் கணக்கில் ஏறும். அது நியாயமும்கூட.

இந்த எண்களைப் படிக்கும்போது பலர் செய்யும் ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். வெவ்வேறு ஆண்டுகளில் வெளியான பதிப்புகளை ஒப்பிடக் கூடாது. காட்டின் உறிஞ்சுதிறன் முன்பு 0.97 டன் என்று இருந்தது, அதை 0.73 ஆக்கியபோது யாரும் ஒரு கரண்டி நிலக்கரிகூடக் கூடுதலாக எரிக்காமலே கார்பன் தடம் மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது. ஒவ்வொரு பதிப்பிலும் 1961 முதல் எல்லா ஆண்டும் திருத்தப்படும். ஒப்பிட வேண்டுமானால் ஒரே பதிப்புக்குள் ஒப்பிட வேண்டும். பூமி ஓராண்டில் தரக்கூடியதை உலகம் செலவழித்து முடிக்கும் நாளை, பூமியின் வரம்பு மீறும் நாள் என்று ஆண்டுதோறும் அறிவிக்கிறார்கள். அந்தத் தேதிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தலைக்கு வரும் பங்கான 1.5-ஐ, உலகச் சராசரித் தடமான 2.6-ஆல் வகுத்து 365-ஆல் பெருக்கினால் 210-ஆவது நாள், ஜூலைக் கடைசி. 2025-இல் ஜூலை 24 என்று அறிவித்தார்கள். முந்தைய ஆண்டுகளில் செய்தித்தாளில் வந்த தேதிகளோடு அதை வைத்துப் பார்த்துப் போக்கு தேடுவதில் பயனில்லை.

பயிர் நிலம் ஏன் எப்போதும் நேராகிறது

பயிர் நிலத்தின் தேவையை அறுவடையான டன்னில் இருந்து கணக்கிடுகிறார்கள். பயிர் நிலத்தின் திறனையும் அதே அறுவடையில் இருந்துதான் கணக்கிடுகிறார்கள். ஆகவே உலக அளவில் இரண்டும் எப்போதும் சமம். பயிர் நிலத்தில் வரம்பு மீறல் என்று ஒன்று இந்த முறையில் வரவே வராது. உலகின் மீறல் அத்தனையும் கார்பன் கட்டத்தில் இருந்துதான் வருகிறது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை இதை வெளிப்படையாகவே விமர்சித்தது. முறையை உருவாக்கியவர்களும் மண் அரிப்பு, நிலத்தடி நீர் வற்றுதல் போன்றவை இதில் நேரடியாக வராது என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

இதன் விளைவை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். ஒருவர் ஆழ்துளைக் கிணறு போட்டு மானாவாரி நிலத்தை இறைவைப் பாசனத்துக்கு மாற்றுகிறார். விளைச்சல் மூன்று மடங்காகிறது. பதிவேட்டில் நாட்டின் கொள்திறன், அதாவது மேலே 0.4 என்று பார்த்த தரக்கூடிய அளவு, உயர்கிறது. 800 அடியில் இருந்து நீர் எடுத்தாலும் 30 அடிக் கிணற்றில் இருந்து எடுத்தாலும் ஒரே புள்ளிதான். நீர் தீர்ந்து வயல் காய்ந்த பிறகே கொள்திறன் குறையும். இந்தியாவில் கோதுமை 1961-இல் ஹெக்டேருக்கு ஒரு டன்னுக்கும் குறைவாக இருந்தது, இன்று மூன்றரை டன் அளவுக்கு வந்திருக்கிறது. புதிய விதை, உரம் இரண்டோடு சேர்ந்து நின்றது குழாய்க் கிணறு. 2017-18 சிறுபாசனக் கணக்கெடுப்பில் நிலத்தடி நீர் எடுக்கும் அமைப்புகள் நாடு முழுவதும் 2.19 கோடி.

மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 மதிப்பீட்டில் ஆண்டு எடுப்பு 245.64 பில்லியன் கன மீட்டர்; பாதுகாப்பாக எடுக்கக்கூடியது 406.19. நாட்டுச் சராசரி 60.47 சதவீதம். இந்தச் சராசரியைப் பார்த்து நிம்மதி அடைபவர்கள் பஞ்சாபைப் பார்க்க வேண்டும். அங்கே எடுப்பு 150 சதவீதத்துக்கு மேல். தமிழ்நாட்டில் தாலுகாவின் உட்பிரிவான பிர்காதான் மதிப்பீட்டு அலகு. 2022 மதிப்பீட்டில் 1,166 பிர்காக்களில் 360 அதிநுகர்வு (எடுக்கக்கூடியதைவிட அதிகம் எடுப்பவை), 78 அபாயகரம், 231 மித அபாயம், 463 பாதுகாப்பு, 34 உவர்நீர்ப் பகுதி.

அரிசி ஏற்றுமதி இதில் ஒரு முக்கியமான முடிச்சு. 2021-22-இல் இந்தியா 2 கோடி டன்னுக்கு மேல் அரிசி ஏற்றுமதி செய்தது. அந்த நெல் விளைந்த நிலத்தின் தடம் நம் கணக்கில் இருந்து கழிந்து, வாங்கிய நாடுகளின் கணக்கில் ஏறிவிடும். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் அதற்காக இறங்கிய நீர்மட்டம் எந்த நாட்டின் கணக்கிலும் ஏறாது. விற்றவரும் அதைச் சுமக்கவில்லை, வாங்கியவரும் சுமக்கவில்லை.

உங்கள் ஏக்கரின் தடம்

2012-இல் நேச்சர் இதழில் டாம் கிளீசனும் மற்றவர்களும் நிலத்தடிநீர்த் தடம் என்ற அளவை வெளியிட்டார்கள். எடுக்கும் நீரை, ஊறும் நீரில் இருந்து ஆற்றுக்கும் ஓடைக்கும் விட வேண்டியதைக் கழித்த மீதியால் வகுத்து, பரப்பால் பெருக்குவது. எடுப்பதை ஈடுகட்ட எவ்வளவு நிலத்தின் மழை ஊற வேண்டும் என்று அது சொல்லும். உலக நீர்த்தாங்கிகளின் (நிலத்தடி நீரைத் தேக்கி வைக்கும் மண், பாறை அடுக்குகளின்) தடம் அவற்றின் பரப்பைப்போல் மூன்றரை மடங்கு என்று அவர்கள் கணக்கிட்டார்கள். மேல் கங்கைப் பகுதியில் 50 மடங்குக்கும் மேல். அவர்கள் எண்ணுக்கும் வாரியத்தின் எண்ணுக்கும் இடைவெளி பெரிது. எதை விட வேண்டிய நீராகக் கழிக்கிறோம், எந்தப் பரப்பை எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது வேறுபாடு. கருத்து ஒன்றுதான். ஒரு பிர்காவின் எடுப்பு 150 சதவீதம் என்றால் அதன் நிலத்தடிநீர்த் தடம் ஒன்றரைப் பிர்கா.

இதை ஒரு ஏக்கருக்குச் சுருக்கலாம். தமிழ்நாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப் பாறை. சேலம், தருமபுரி, கோவை, திண்டுக்கல் போன்ற இடங்களில் களி கலந்த மக்குப் பாறையில் (சிதைந்து இளகிய பாறை) மழையில் சுமார் 8 சதவீதம்தான் கீழே ஊறும் என்பது அரசின் மதிப்பீட்டு முறையே தரும் எண். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். 900 மில்லிமீட்டர் மழையில் 8 சதவீதம் 72 மில்லிமீட்டர்; அதாவது 291 கன மீட்டர். இயல்பாக வடிந்து போவதற்குப் பத்து சதவீதம் கழித்தால் 262 கன மீட்டர். ஏக்கருக்கு ஆண்டு வருமானம் இதுதான். இரண்டு லட்சத்து அறுபதாயிரம் லிட்டர் என்று சொன்னால் பெரிதாகத் தெரியும். நொடிக்கு 5 லிட்டர் தள்ளும் மோட்டார் அதைப் பதினைந்து மணி நேரத்தில் முடித்துவிடும்.

இப்போது செலவு. மழையில்லாப் பருவத்தில் முழுக்கக் கிணற்றை நம்பி நெல் நட்டால் சுமார் 1,200 மில்லிமீட்டர் நீர் வேண்டும். ஏக்கருக்கு 4,856 கன மீட்டர். இதில் ஒரு பகுதி வயலில் இருந்து வடிந்து மீண்டும் நிலத்தடிக்கே போகும். நீர்மட்டம் 10 முதல் 25 மீட்டருக்குள் இருந்தால் நெல்லுக்கு 35 சதவீதமும் மற்றப் பயிர்களுக்கு 15 சதவீதமும் திரும்பும் என்பது மதிப்பீட்டு விதி. திரும்பியது போக நெல்லின் நிகரச் செலவு சுமார் 3,150 கன மீட்டர். 262-ஆல் வகுத்தால் 12. ஒரு ஏக்கர் கோடை நெல்லுக்குப் பன்னிரண்டு ஏக்கர் மழை ஊறியாக வேண்டும். கரும்புக்கு 2,000 மில்லிமீட்டர் வைத்தால் 26 ஏக்கர். நிலக்கடலை 500 மில்லிமீட்டரில் ஆறரை ஏக்கர். கேழ்வரகு 350-இல் நாலரை ஏக்கர். ஏரி, வாய்க்கால் ஊற்று இருக்கும் இடத்தில் இந்த எண் குறையும். ஆற்றங்கரை வண்டலில் மழை இரண்டு, மூன்று மடங்கு ஊறும் என்பதால் இன்னும் குறையும். பாறைப் பகுதியில் இதுதான் நிலவரம்.

ஊரில் இருபது பேரில் ஒருவருக்குக் கிணறு இருந்த காலத்தில் இது பிரச்சினையே இல்லை. சுற்றியுள்ள மானாவாரி நிலத்தில் ஊறியது அந்தக் கிணற்றுக்கு வந்தது. எல்லோரும் துளை போட்ட பிறகு, பன்னிரண்டு ஏக்கர் தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. "பக்கத்துத் தோட்டத்துக்காரர் போர் போட்டதும் என் கிணறு வற்றிவிட்டது" என்ற பேச்சுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இது.

எது குறைக்கும், எது குறைப்பதாகத் தோன்றும்

வயலைக் காயவிட்டு மீண்டும் நீர் கட்டும் காய்ச்சலும் பாய்ச்சலும் நெல்லுக்கு நல்ல முறை. 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிவிசி குழாயில் 40 சென்டிமீட்டர் நீளம் வெட்டிக்கொள்ளுங்கள். கீழ் 25 சென்டிமீட்டரில் சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்றாக 5 மில்லிமீட்டர் துளை போட்டு, அந்தப் பகுதி மண்ணுக்குள் போகும்படி வயலில் பதித்து, உள்ளே அடைத்த சேற்றை அள்ளிவிட வேண்டும். நட்ட 10, 15 நாள் கழித்துத் தொடங்கலாம். குழாய்க்குள் நீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் 5 சென்டிமீட்டர் நீர் கட்ட வேண்டும். களிமண்ணில் 10 சென்டிமீட்டரிலேயே கட்டிவிடுவது நல்லது. விரிசல் விட்டுவிட்டால் அடுத்து விடும் நீர் விரிசல் வழியாக இறங்கி, மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். பூக்கும் காலத்தில் முன்னும் பின்னும் ஒரு வாரம் நீர் நிற்க வேண்டும். அப்போது காயவிட்டால் பதர் கூடும். களை கூடுதலாக வரும், கோனோ வீடர் ஓட்ட ஆள் வேண்டும். பெரும்பாலும் முறை தோற்பது மின்சாரத்தில்தான். மும்முனை மின்சாரம் குறித்த நேரத்துக்கு மட்டும் வரும் இடத்தில், நாளைக்கு வருமோ வராதோ என்று தானியங்கி ஸ்டார்ட்டரைப் போட்டு வயலை நிரப்பி வைப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த முறையில் 15 முதல் 30 சதவீதம் வரை நீர் மிச்சம் என்பார்கள். இறைக்கும் நீரில் அது உண்மை. ஆனால் மிச்சமாவதில் பெரும்பகுதி கீழே வடிந்திருக்கக்கூடிய நீர், கிணற்றுக்கே திரும்பியிருக்கும். இறைக்கும் மின்சாரம் குறையும், மீத்தேன் கணிசமாகக் குறையும். நீர்த்தாங்கிக்குக் கிடைக்கும் நிகர லாபம் சொல்லப்படும் சதவீதத்தைவிடச் சிறியது.

சொட்டுநீரில் இந்தக் குழப்பம் இன்னும் பெரிது. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் இருக்கிறது. வாய்க்கால் பாய்ச்சலில் வாழைக்கு 1,800 மில்லிமீட்டர், சொட்டுநீரில் 1,200 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஏக்கர் வாழை வைத்திருந்தவர் சொட்டுநீருக்கு மாறி, மிச்ச நீரில் மூன்றாவது ஏக்கர் நடுகிறார். மில்லிமீட்டரை ஏக்கரால் பெருக்கிப் பார்த்தால் இறைக்கும் அளவு அதே 3,600 தான். முன்பு அதில் 15 சதவீதம் திரும்பியதால் நிகரச் செலவு 3,060. சொட்டுநீரில் ஏறக்குறைய எதுவும் திரும்பாது. நிகரச் செலவு 3,600. மோட்டார் ஓடும் நேரம் மாறாமலே நீர்த்தாங்கி முன்பைவிட 18 சதவீதம் அதிகம் இழக்கிறது. பரப்பைக் கூட்டாமல் இருந்தால்தான் சொட்டுநீர் தடத்தைக் குறைக்கும். மானிய விதிகளில் இந்த நிபந்தனை இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சோலார் பம்புசெட்டு தடக் கணக்கின் குருட்டுப் புள்ளியைத் தெளிவாகக் காட்டுகிறது. டீசல் போனதால் கார்பன் தடம் குறைகிறது, பகல் முழுவதும் நீர் கிடைப்பதால் விளைச்சல் கூடிக் கொள்திறன் உயர்கிறது. பதிவேட்டில் இரண்டு பக்கமும் நல்ல சேதி. கீழே நீர்மட்டம் இறங்குகிறது. சோலார் பம்புகளுக்காக மத்திய அரசு 2019-இல் தொடங்கிய பிஎம் குசும் திட்டத்தில் தனித்து நிற்கும் பம்புகளும் உண்டு, மின்தொகுப்போடு இணைந்த பம்புகளும் உண்டு. அதிநுகர்வுப் பிர்காவில் இரண்டாவதைத்தான் தர வேண்டும். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி என்ற ஊரில் விவசாயிகள் சூரிய மின் கூட்டுறவு அமைத்து 2016 முதல் உபரி மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். வெயிலை விற்று வருமானம் வரும்போது நீரை இறைத்துக் கொட்டும் அவசரம் குறைகிறது. பஞ்சாபிலும் 2018-இல் ஒரு முன்னோடித் திட்டத்தில், ஒதுக்கிய மின்சாரத்தில் மிச்சப்படுத்தும் யூனிட்டுக்கு 4 ரூபாய் கொடுத்தார்கள். இலவச மின்சாரத்தைப் பறிக்காமல் செய்யக்கூடிய வழி இது. தமிழ்நாட்டில் இதைப் பேசத் தயங்க வேண்டியதில்லை.

சட்டம் போட்டாலும் நீர் ஒரு பக்கம் மிச்சமாகி மறுபக்கம் வேறொன்று முளைப்பதற்குப் பஞ்சாப் சாட்சி. கொளுத்தும் மே மாத வெயிலில் வயலில் நீர் நிறுத்தினால் ஆவியாகிப் போவது மிக அதிகம் என்று, ஜூன் 10-க்கு முன் நெல் நடவு கூடாது என்று 2009-இல் அங்கே சட்டம் வந்தது. நீர்க் கணக்கில் அது சரியான முடிவு. அறுவடை தள்ளிப்போனதில், கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரமே மிஞ்சியது. வைக்கோலை வயலிலேயே கொளுத்துவது கூடியது. டெல்லியின் நவம்பர் புகைக்கு அது ஒரே காரணம் இல்லை, ஆனால் காரணங்களில் ஒன்று. தமிழ்நாட்டிலோ 2003-இல் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கு முழுதாக வராமலே 2013-இல் நீக்கப்பட்டது.

மேலே சொன்ன ஏக்கர் எண்களைத் திரும்பப் பாருங்கள். பன்னிரண்டில் இருந்து நாலரைக்கு இறங்குவது பயிர் மாறினால் மட்டுமே. எந்தக் குழாயும் எந்த சொட்டுவானும் அவ்வளவு இறக்காது. கேழ்வரகு நடாததற்கு விவசாயியின் அறியாமை காரணமில்லை. நெல்லுக்குக் கொள்முதல் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, விலை முன்கூட்டியே தெரிகிறது. 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது சரியான திசை. கோடை நெல் நடும் பாறைப் பகுதிகள் எல்லாவற்றுக்கும் அது போக வேண்டும். அங்கேயே கொள்முதலும் நடக்க வேண்டும்.

கிணற்றடியில் அளப்பது

பிர்கா சராசரி உங்கள் தோட்டத்துக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. சொந்தமாக அளக்க ஒரு நோட்டும் ஒரு டேப்பும் போதும். தென்மேற்குப் பருவமழைக்கு முந்தைய மே இறுதியில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் ஒருமுறை அளக்க வேண்டும். மோட்டாரை நிறுத்திப் பன்னிரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். பக்கத்துத் தோட்ட மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் அந்த அளவு வேண்டாம். திறந்த கிணறாக இருந்தால் டேப் நுனியில், அடிப்புறம் குழிவான ஓர் எடையைக் கட்டி இறக்குங்கள். நீரைத் தொடும்போது டொப்பென்று சத்தம் கேட்கும்.

இரண்டு அளவுக்கும் இடையிலான ஏற்றம் 3 மீட்டர் என்றால் அதை மண்ணின் நீர்விடு திறனால், அதாவது தன் கன அளவில் எத்தனை சதவீதம் நீரை அது வெளியே விடும் என்ற எண்ணால், பெருக்க வேண்டும். மக்குப் பாறையில் அது ஒன்றரை முதல் மூன்று சதவீதம். மணற்பாங்கான வண்டலில் 12 முதல் 20 வரை போகும். 2 சதவீதம் வைத்தால் 60 மில்லிமீட்டர் ஊறியிருக்கிறது. மழைக் கணக்கில் வந்த 72-க்கு அருகில் இருக்கிறது. இரண்டும் வெகுவாக விலகினால் பக்கத்தில் ஏரி ஊற்று இருக்கிறதா, அளவெடுத்த நேரம் தவறா என்று பார்க்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றில் இந்தப் பெருக்கலைச் செய்யக் கூடாது. பாறை வெடிப்பில் அழுத்தத்தோடு நிற்கும் நீர் குழாய்க்குள் நூறு அடி ஏறி நிற்கலாம். கையிருப்பு அந்த அளவுக்கு இருக்காது.

செலவுக்கு 200 லிட்டர் டிரம்மும் கைபேசி ஸ்டாப்வாட்சும் போதும். டிரம் 40 நொடியில் நிறைந்தால் மணிக்கு 18 கன மீட்டர். கோடையில் நீர்மட்டம் இறங்கினால் ஓட்டமும் குறையும், ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிரம்மை வைத்துப் பாருங்கள். நாளுக்கு 4 மணி நேரம், ஆண்டில் 150 நாள் ஓடினால் 10,800 கன மீட்டர். திரும்பியது 15 சதவீதம் போக 9,180. அதை 262-ஆல் வகுத்தால் 35. ஐந்து ஏக்கர் தோட்டம் முப்பத்தைந்து ஏக்கரின் ஊற்றில் நிற்கிறது. உங்கள் கிணற்றைச் சுற்றி முப்பத்தைந்து ஏக்கருக்குள் இன்னும் எத்தனை மோட்டார்கள் இருக்கின்றன என்று எண்ணி அதையும் நோட்டில் எழுதுங்கள்.

டேப்பை வைக்கும் இடத்தில் கிணற்றுச் சுவரின் விளிம்பில் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஒரு சாண் தள்ளி வைத்து அளந்தாலும், விளிம்பு சரிந்திருந்தால் அந்த வித்தியாசம் ஊற்றுக் கணக்கில் ஏறிவிடும்.